ஜீப் முதல் எம்151 வரை: இலகு ராணுவ வண்டிகளின் எஞ்சினும் ஓட்டமும்

பயன்படுத்தி முடித்த வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்றுவிடுவது அமெரிக்க ராணுவத்தின் நெடுநாள் வழக்கம். இரண்டாம் உலகப் போர் ஜீப்புகள் பண்ணைகளுக்கும் மலைக்காடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அந்த ஜீப்பின் வாரிசாக வந்த எம்151-க்கு மட்டும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பணி முடிந்த எம்151 வண்டிகளில் பெரும்பாலானவற்றின் உடலை அறுத்து, துண்டுகளாகத்தான் வெளியே அனுப்பினார்கள். பொதுச் சாலையில் ஓட்டப் பாதுகாப்பானதல்ல என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை முடிவு செய்திருந்ததுதான் காரணம். பழைய வண்டிப் பிரியர்கள் சிலர் இரண்டு பாதிகளையும் வாங்கி, வெல்டிங் வைத்துச் சேர்த்து ஓட்டியதும் உண்டு.

இத்தனைக்கும் தாளில் எழுதி ஒப்பிட்டால் எம்151 ஜீப்பைவிட நல்ல வண்டி. எஞ்சின் வலுவானது. மூன்று கியருக்குப் பதில் நான்கு கியர். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங். உட்கார்ந்து போகிறவருக்கு இடுப்பு வலிக்காது. பழைய ஜீப்பில் இவை எதுவும் கிடையாது. ஆனாலும் வளைவில் கவிழ்கிற வண்டி என்ற பெயர் எம்151-க்குத்தான் ஒட்டிக்கொண்டது. ஜீப்பும் கவிழும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கவிழப் போவதை ஓட்டுகிறவரால் முன்கூட்டியே உணர முடிந்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், இந்த வகை வண்டிகளில் எஞ்சினையும் ஓட்டத்தையும் தனித்தனியாகப் பேசவே முடியாது என்பது புரிகிறது. இரண்டையும் எழுதிக் கொடுத்தது எடை.

எடையில் தொடங்கிய கதை

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பை அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கிற, கால் டன் சுமக்கிற சின்ன வண்டி வேண்டும். எடை 1,300 பவுண்டுக்கு, அதாவது சுமார் 590 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மாதிரி வண்டியை 49 நாட்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சின்ன நிறுவனம் டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வரவழைத்தது. அவர் சில நாட்களிலேயே வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, அந்த வண்டி மேரிலாந்தின் ஹோலபர்ட் முகாமுக்குள் நுழைந்தது.

590 கிலோ என்பது நடக்கிற காரியமே இல்லை. நான்கு சக்கர இழுவைக்கு முன்னால் ஒரு ஆக்ஸில், பின்னால் ஒரு ஆக்ஸில், நடுவில் எஞ்சினின் விசையை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஷாஃப்ட் வேண்டும். இவற்றைத் தாங்கச் சாஸி வேண்டும். பாண்டம் வண்டியே இந்த அளவைத் தாண்டித்தான் வந்தது. ராணுவமும் வேறு வழியில்லாமல் வரம்பை 2,160 பவுண்டுக்கு, சுமார் 980 கிலோவுக்கு உயர்த்தியது. பாண்டத்தால் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்க முடியாது என்று கருதி, அதன் வரைபடங்களை வில்லிஸ் ஓவர்லாண்டுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. பாண்டத்துக்கு இது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஜீப்பின் உருவம் அவர்கள் தந்தது.

ஆனால் பாண்டம் வண்டியில் இருந்த காண்டினென்டல் எஞ்சின் சுமார் 45 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. ஃபோர்டு தன் டிராக்டர் எஞ்சினை மாற்றி வைத்துப் பார்த்தது, அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வில்லிஸிடம் மட்டும் 60 குதிரைத்திறன் தருகிற எஞ்சின் இருந்தது. அதைப் பட்டறையில் வைத்துச் செதுக்கியவர் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் டெல்மர் ரூஸ். ஒரு பழைய கார் எஞ்சினை எடுத்து, பிஸ்டன், பேரிங், கார்புரேட்டர், குளிரூட்டும் அமைப்பு என ஒவ்வொன்றாகச் சரிசெய்து, 48 குதிரைத்திறனை 60 ஆக்கியிருந்தார். 'கோ டெவில்' என்று பெயர் பெற்ற எஞ்சின் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த எஞ்சினோடு வில்லிஸின் மாதிரி வண்டி எடை வரம்பைச் சுமார் 120 கிலோ தாண்டி நின்றது. எளிதான வழி, எஞ்சினை விட்டுவிட்டு இலேசான ஒன்றை வாங்கிப் பொருத்துவது. ரூஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சினைத் தொடாமல் மற்ற எல்லாவற்றிலும் கைவைத்தார். நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த போல்ட் நுனிகளை வெட்டினார்கள். தகடுகளை மெலிதாக்கினார்கள். கடைசியில் வண்டி வரம்புக்குள் வந்தபோது, இன்னொரு பூச்சுப் பெயிண்ட் அடித்தால் எடை தாண்டிவிடும் என்கிற நிலை. எடையைக் காப்பாற்ற எஞ்சினைக் குறைக்காமல், எஞ்சினைக் காப்பாற்ற வண்டியைக் குறைத்தது சரியான முடிவு. அடுத்த நான்கு ஆண்டுகளில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஃபோர்டும் தன் எஞ்சினை விட்டுவிட்டு வில்லிஸின் வடிவத்தையே தயாரித்தது.

60 குதிரைகள் என்ன செய்தன

இன்று ஒரு சின்னக் காரின் எஞ்சினே 80 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. அதனால் 60 என்ற எண்ணைப் பார்த்து ஜீப்பை எடைபோட்டால் தவறாகிவிடும். கவனிக்க வேண்டியது முறுக்குவிசையையும் (டார்க், எஞ்சின் சுழற்றித் திருப்பும் பலம்), அது எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதையும்தான். கோ டெவில் 2,199 சிசி எஞ்சின். சிலிண்டரின் குறுக்களவு 79 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 111 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட எஞ்சின் இது. நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும், சுமார் 142 நியூட்டன் மீட்டர், வந்துவிடுகிறது.

இதைச் சக்கரத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியர் விகிதம் 2.67. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ, அதாவது மெதுவாகவும் வலுவாகவும் இழுக்கிற கியரைப் போட்டால் இன்னொரு 1.97. ஆக்ஸிலில் 4.88. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 25.6 மடங்கு. 142 நியூட்டன் மீட்டரை இத்தனை மடங்காக்கி, 35 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் கொண்டுபோய் வைத்தால், உராய்வு இழப்பை விட்டுப் பார்க்கும்போது, ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேலான உந்துவிசை கிடைக்கிறது. வண்டியின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது எஞ்சின் திணறுவதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். மேட்டில் ஏற முடியாமல் ஜீப் நிற்கிறது என்றால் குறை டயரின் பிடியில்தான். எஞ்சினிடம் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

அதே கியரில் எஞ்சினை 600 சுற்றில் விட்டால் மணிக்கு 3 கி.மீ. வேகம், காலாட்படை நடக்கிற நடை. டாப் கியரில் சுமார் 3,900 சுற்றுக்கு 105 கி.மீ. அங்கே எஞ்சின் கத்தும், கியர் கத்தும், காற்று முகத்தில் அடிக்கும். அந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்ட யாருக்கும் மனம் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எம்151 பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கோ டெவில்லின் உள்ளமைப்பு மிகவும் எளிது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே நிற்கின்றன. மேலே இருக்கும் ஹெட் கிட்டத்தட்ட ஒரு மூடிதான். வால்வை மேலிருந்து இயக்குகிற ராக்கர் ஆர்ம் இல்லை, புஷ் ராட் இல்லை. சாலையோரத்தில் நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, திரும்ப மாட்டிவிடலாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் விகிதம், 6.48-க்கு 1 மட்டுமே, அதனால் மட்டமான பெட்ரோலையும் குடித்துக்கொண்டு ஓடும். இதற்கு விலையும் உண்டு. உள்ளே வருகிற காற்றும் வெளியே போகிற புகையும் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால், அதிகச் சுற்றில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். 4,000-க்கு மேல் அதனிடம் எதுவும் கிடைக்காது. காட்டுப் பாதையில் யாரும் அதைக் கேட்பதும் இல்லை.

ஜீப் எப்படி ஓடும்

ஜீப்பின் சக்கர இடைத்தூரம் 80 அங்குலம், 2.03 மீட்டர். இடவலமாகச் சக்கரங்களுக்கு இடையே 1.25 மீட்டர்கூட இல்லை. குட்டையான, ஒடுங்கிய, உயர்ந்து நிற்கிற வண்டி. குறுகிய இடத்தில் திருப்பலாம், பள்ளத்தின் விளிம்பில் வயிறு தட்டாமல் ஏறி இறங்கலாம். இதே காரணத்தால் சாலையில் சட்டென்று திரும்பும். ஈரத் தாரில் பின்பக்கம் வெளியே ஓடினால் பிடித்து நிறுத்த நேரம் குறைவு.

முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அடுத்த சக்கரமும் சாயும், உடல் முழுக்க ஆடும். வேகத்தடை ஒன்றை வேகமாகத் தாண்டினால் உட்கார்ந்திருப்பவர் இருக்கையிலிருந்து எழும்பிவிடுவார். ஆனால் முழு ஆக்ஸிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உடல் எவ்வளவு சாய்ந்தாலும் இரண்டு சக்கரங்களும் தரைக்கு நேராகவே நிற்கும். அவற்றுக்கு இடையிலான தூரம் மாறாது. வண்டி எதன் மேல் நிற்கிறதோ அந்த அடித்தளம் அப்படியே இருக்கிறது. வேகம் கூடினால் முதலில் குலுக்கல், பிறகு சாய்வு, பிறகு டயர் கிறீச்சிடும் சத்தம். ஓட்டுகிறவர் காலை எடுத்துவிடுவார்.

நான்கு சக்கர இழுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இதில்தான் வண்டியைக் கெடுக்கிறார்கள். ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரென்ஷியல் என்ற கியர் அமைப்பு கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறி ஏறி, ஸ்டியரிங் இறுகி, முன் இழுவையைக் கழற்றும் லிவரை எடுக்கவே முடியாமல் போகும். தொடர்ந்து ஓட்டினால் எங்கேயோ ஒரு ஜாயின்ட் உடையும். தார்ச் சாலைக்கு வந்ததும் முன் இழுவையைக் கழற்றிவிடுவது இந்த வண்டிக்கு அடிப்படைப் பழக்கம்.

ஸ்டியரிங்கிலும் ஒரு பலவீனம் உண்டு. ஸ்டியரிங்கின் இழுப்பு நடுவில் பெல் கிராங்க் என்ற ஒரு வளைந்த நெம்புகோல் வழியாகப் போய்தான் இரண்டு சக்கரங்களுக்கும் பிரிகிறது. அந்தக் கிராங்கின் புஷ் தேய்ந்தாலோ, முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னின் பேரிங் தளர்ந்தாலோ, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் இடவலமாகப் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். பிரேக்கை அடிக்காமல் மெதுவாக வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். எஞ்சினில் பவர் கூட்ட நினைக்கிறவர்கள் முதலில் இதைச் சரிபார்ப்பது நல்லது.

காற்றால் குளிரும் சின்ன எஞ்சின்கள்

ஜெர்மனி இதே தேவைக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஃபோக்ஸ்வேகன் டைப் 82, கூபல்வாகன் என்று அறியப்பட்ட வண்டி, 985 சிசி எஞ்சினோடு தொடங்கி 1943-ல் 1,131 சிசிக்கு மாறியது. அப்போதும் 25 குதிரைத்திறன்தான், ஜீப்பின் பாதிகூட இல்லை. இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும். ஆனால் எடை சுமார் 725 கிலோ. முன் ஆக்ஸில் இழுவை, டிரான்ஸ்ஃபர் கேஸ், ரேடியேட்டர், தண்ணீர் எதுவுமே இல்லாததால் வந்த மிச்சம் இது.

பின்சக்கரத்தின் குடத்தில் தனியாக ஒரு கியர் ஜோடி வைத்தார்கள். அதனால் ஆக்ஸில் உயர்ந்து, தரையிலிருந்து 29 செ.மீ. இடைவெளி கிடைத்தது. கூடவே மொத்த விகிதமும் இறங்கி, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் சிப்பாய்களோடு நடந்துபோக முடிந்தது. டிஃப்ரென்ஷியல் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை, ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் மறுசக்கரத்துக்கு இழுவை போகும். அடிப்பக்கம் தட்டையாக இருந்ததால் சேற்றில் வயிறு தட்டினாலும் வழுக்கிக்கொண்டு நகரும். ரஷ்யக் குளிரில் உறைய ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, வட ஆப்பிரிக்க வெயிலில் கொதிக்கவும் இல்லை. சிக்கினால் உள்ளே இருக்கிறவர்கள் இறங்கித் தள்ளிவிடலாம். ஆனால் செங்குத்தான சேற்று மேட்டில் நான்கு சக்கர இழுவைக்கு ஈடு எதுவுமில்லை. அங்கே ஜீப் போகும், இது நிற்கும்.

போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்கு ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோக ஒரு வண்டி தேவைப்பட்டது. அன்றைய ஹெலிகாப்டர்களுக்கு ஜீப்பைத் தூக்கும் திறன் போதவில்லை. இதற்காக உருவானதுதான் எம்422 என்ற மைட்டி மைட். அமெரிக்கன் மோட்டார்ஸ் இதை 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் சுமார் நாலாயிரம் மட்டுமே செய்தது. என்னைக் கேட்டால் இந்த வகையிலேயே மிக அழகான பொறியியல் இதில்தான் இருக்கிறது. உடல் அலுமினியம். எஞ்சினும் அலுமினியம், காற்றால் குளிரும் வி4 (நான்கு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்பது), 1.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 50-க்குச் சற்று மேல் குதிரைத்திறன். மொத்த எடை 770 கிலோ அளவு. பிரேக்குகளைச் சக்கரத்தில் வைக்காமல் உள்ளே டிஃப்ரென்ஷியலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், அதனால் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் எடை குறைந்தது. முன்னும் பின்னும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃப்ரென்ஷியல். ஒரு சக்கரத்தை இழந்தாலும் மூன்றில் நகர்ந்து போக முடியும்.

முதலில் வந்த வகையின் சக்கர இடைத்தூரம் வெறும் 65 அங்குலம், 1.65 மீட்டர். அது மிகவும் குட்டை என்று உணர்ந்து பின்னால் 6 அங்குலம் நீட்டினார்கள். ஆனால் வண்டி முழுமை பெறுவதற்குள் ஹெலிகாப்டர்கள் வளர்ந்துவிட்டன. சாதாரண ஜீப்பையே தூக்க முடியும் என்றானதும், விலை அதிகமான அலுமினிய வண்டிக்குத் தேவை போய்விட்டது.

இதே கதை பிரிட்டனிலும் நடந்தது. வெசெக்ஸ் ஹெலிகாப்டருக்காக லாண்ட் ரோவரின் அகலத்தைக் குறைத்து, கதவு, பம்பர், கூரை எல்லாவற்றையும் கழற்றிவைக்கும்படி 1968-ல் 'லைட்வெயிட்' வகையைச் செய்தார்கள். எல்லாவற்றையும் மாட்டினால் சாதாரண லாண்ட் ரோவரைவிட அது கனமாக இருந்தது. ஆஸ்திரியாவின் ஹாஃப்லிங்கர் மட்டும் 643 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்து, அறுநூற்றுச் சொச்சம் கிலோவில் நிஜமாகவே இலேசாக நின்றது. மலைப் பாதைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி அந்தக் காலத்தில் இல்லை. நெடுஞ்சாலைக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான்.

எம்151: நல்ல எஞ்சின், ஆபத்தான பின்சக்கரம்

1951-ல் ஜீப்புக்கு மாற்று தேடும் வேலை ஃபோர்டிடம் போனது. 1960-ஐ ஒட்டிப் படைகளுக்கு எம்151 வர ஆரம்பித்தது. எஞ்சின் 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், வால்வுகள் ஹெட்டில். 71 குதிரைத்திறன், 1,800 சுற்றில் சுமார் 174 நியூட்டன் மீட்டர். ஜீப்பைவிட எல்லா வகையிலும் மேல். லோ ரேஞ்ச் தனியாகக் கிடையாது, நான்கு கியரில் முதல் கியரையே மிகவும் தாழ்த்தி அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். ஓட்டுகிறவருக்கு லிவர் வேலை குறைந்தது. தனிச் சாஸி இல்லாமல் உடலையே எலும்புக்கூடாக்கியதால் எடை ஜீப்பின் அளவிலேயே நின்றது.

பின்பக்கச் சஸ்பென்ஷனில்தான் வினை வந்தது. ஸ்விங் ஆக்ஸில் என்ற அமைப்பு அது. நடுவில் டிஃப்ரென்ஷியல் உடலோடு இணைந்து நிற்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் அரை ஆக்ஸில் வரும். ஒவ்வொரு அரை ஆக்ஸிலும் உள்முனையில் மட்டுமே மடங்கும், சக்கரம் வெளிமுனையில் அசையாமல் மாட்டியிருக்கும். தோளில் மட்டும் அசைகிற, மணிக்கட்டு மடங்காத ஒரு கையை நினைத்துக்கொள்ளுங்கள். கை தாழ்ந்தால் உள்ளங்கையும் சேர்ந்து சாயும். அதுபோலச் சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் நிமிர்வும் மாறிக்கொண்டே இருக்கும்.

நேர்ச்சாலையில் இதில் தொல்லையில்லை. வேகமாக ஒரு வளைவில் நுழையும்போது வெளிப்பக்கப் பின்டயரைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை அரை ஆக்ஸிலின் வழியாக டிஃப்ரென்ஷியலை, அதாவது வண்டியின் பின்பகுதியை, மேலே நெம்பித் தூக்கும். தூக்கத் தூக்கச் சக்கரம் அடியில் மடங்கி உள்ளே வரும். வண்டியின் அடித்தளம் குறுகும், அதே நேரம் எடைமையம் உயரும். கவிழ்வதற்கு வேண்டிய இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்துவிடுகின்றன. இந்த நேரத்தில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் பிடித்திழுக்கும், எடை முன்னால் ஓடும், பின்பக்கம் இன்னும் எழும்பும், சக்கரம் இன்னும் மடங்கும். எந்த ஓட்டுநருக்கும் இயல்பாக வருகிற எதிர்வினை எதுவோ, அதுவே வண்டியைக் கவிழ்த்தது.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. சேற்றிலும் மண்ணிலும் டயர் வழுக்கிவிடும், நெம்புகிற அளவுக்கு விசை சேராது. நல்ல காய்ந்த தார்ச் சாலையில்தான் டயர் பிடித்துக்கொள்ளும், அங்கேதான் வண்டி மடங்கும். போர்க்களத்துக்காகச் செய்த வண்டி காட்டுப்பாதையில் அருமையாக ஓடியது, முகாமுக்கு வெளியே போகிற சாதாரணச் சாலையில் கவிழ்ந்தது.

பின்னால் சுமை இல்லாதபோது ஆபத்து அதிகம். சுமை இருந்தால் பின்பகுதி தாழ்ந்து சக்கரம் நிமிர்ந்தோ உள்சாய்ந்தோ நிற்கும், மடங்குவதற்கு இன்னும் தூரம் இருக்கும். இதை அறிந்த பல படைப்பிரிவுகள், வேறு சுமை இல்லாத நாட்களில் குண்டுப்பெட்டி ஒன்றில் மணலை நிரப்பிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்தார்கள். எடையைக் குறைக்க அத்தனை பாடுபட்டுச் செய்த வண்டியில் மணலை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தச் சிப்பாய்கள் கண்டுபிடித்த மருந்து சரியானது. அதைக் கண்டுபிடிக்கும் நிலையில் அவர்களை விட்டிருக்கக் கூடாது.

1970-ல் வந்த எம்151ஏ2 வகையில் பின்பக்கத்தை மாற்றி, செமி டிரெய்லிங் ஆர்ம் அமைப்பைப் பொருத்தினார்கள். ஆக்ஸிலில் இரண்டு முனையிலும் மடங்கும் ஜாயின்ட் வந்ததால் சக்கரம் அவ்வளவு சாயவில்லை. நல்ல முன்னேற்றம். ஆனாலும் குட்டையான, உயரமான, இலேசான வண்டி என்பது மாறவில்லை. 1980-களின் பிற்பகுதியில், பணியில் மிச்சமிருந்த வண்டிகளுக்குக் கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு பொருத்தினார்கள். முதல் வண்டி வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் கணிப்பில் எம்151-இன் கோளாறை ஸ்விங் ஆக்ஸிலின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கூபல்வாகனிலும் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில்தான். ஆனால் 25 குதிரைத்திறனும் 80 கி.மீ. உச்ச வேகமும் அதற்கு ஒரு கடிவாளம் போட்டன. ஜீப்பில் வேகம் வரும், கூடவே குலுக்கலும் சத்தமும் வந்து எச்சரிக்கும். எம்151-இல் காயில் ஸ்பிரிங் சாலையின் முரட்டுத்தனத்தை விழுங்கிவிட்டது. எஞ்சின் அலட்டாமல் 80, 90 என்று இழுத்தது. வேகம் எவ்வளவு என்று உடம்புக்குத் தெரியாமல் போனது. அந்தச் சுகமும் அந்த எஞ்சினும் சேர்ந்துதான், பத்தொன்பது இருபது வயதுச் சிப்பாயைப் பின்சக்கரத்தால் தாங்க முடியாத வேகத்துக்குக் கொண்டுபோய் விட்டன.

நம் ஊரில் நின்ற மிச்சம்

கோ டெவில்லின் பரம்பரை இந்தியாவுக்கும் வந்தது. அந்த எஞ்சினின் பிளாக்கை வைத்துக்கொண்டே, உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் ஹெட்டுக்குக் கொண்டுபோய் வில்லிஸ் 'ஹரிகேன்' எஞ்சினைச் செய்தது. குதிரைத்திறன் 70-ஐத் தாண்டியது, ஆனால் எஞ்சின் உயரம் கூடிவிட்டது. பழைய பானெட் அதன்மேல் மூடவில்லை. அதனால் 1953-இல் வந்த சிஜே-3பி வகையில் பானெட்டை உயர்த்தினார்கள். மகிந்திரா உரிமம் பெற்று இங்கே நெடுங்காலம் தயாரித்தது இந்த வகையைத்தான். தமிழ்நாட்டில் போலீஸ் நிலையம், வனத்துறை, தாலுகா அலுவலகம் என்று நாம் பார்த்து வளர்ந்த ஜீப்பின் முகம் அவ்வளவு நெட்டையாக இருப்பதற்கு ஒரு வால்வு மேலே ஏறியதுதான் காரணம்.

பிறகு இந்திய ராணுவத்தில் அதிகம் ஓடியது மாருதி ஜிப்சி. இதை ஜீப்போடு வைத்துப் பார்ப்பது சுவாரஸ்யம். பிற்கால ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சின் 80 குதிரைத்திறன் தருகிறது, ஜீப்பைவிட 20 அதிகம். ஆனால் முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர் அளவுதான், அதுவும் 4,500 சுற்றில். அதனால் மேட்டில் ஜீப்பைப் போல மெதுவாக உறுமிக்கொண்டு ஏறாது, எஞ்சினை உயர்ந்த சுற்றில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். சுமார் 985 கிலோ எடையும் தாழ்ந்த கியர் விகிதங்களும்தான் அந்தக் குறையை ஈடுகட்டின. சஸ்பென்ஷனோ 1941 ஜீப்பின் அதே ஏற்பாடு, முழு ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும். முதல் ஜிப்சியில் முன்சக்கரங்களுக்கு இடையே 1,210 மி.மீ. மட்டுமே இருந்தது. 1993-ல் மாருதி அதை 90 மி.மீ. கூட்டி 1,300 ஆக்கியது. காகிதத்தில் சின்ன மாற்றம்தான், வளைவில் வண்டி நிற்கிற விதமே மாறியது.

இன்று பழைய மகிந்திரா ஜீப்பை வாங்கி, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றுகிறவர்கள் நிறைய. மகிந்திராவே பின்னால் பெஜோ டீசல் எஞ்சினைப் போட்டு விற்றது, அது கம்பெனி பார்த்துச் செய்த வேலை. பட்டறையில் அதைவிடக் கனமான எஞ்சின் ஒன்றை ஏற்றும்போது முன் ஸ்பிரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும், பின்பக்கம் ஒப்பீட்டில் இலேசாகிவிடும், பிரேக் அடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். அதோடு ஸ்பிரிங்கை உயர்த்திப் பெரிய டயரும் போட்டால், சக்கர அகலம் அப்படியே இருக்க எடைமையம் மட்டும் மேலே போகிறது. பிரேக்கோ வில்லிஸ் காலத்து 9 அங்குல டிரம். எஞ்சின் மாற்றத்துக்குப் பணம் எடுத்துவைக்கிறவர்கள், அதில் ஒரு பங்கைப் பெரிய டிரம்முக்கோ முன் டிஸ்க்குக்கோ ஒதுக்கி, எஞ்சின் ஏறுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.